ஏனோக்கின் தெற்குச் சுவர்

ஏனோக்கைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. ஆனால் அவன் பிழைப்பு என்னவென்றால், பெங்களூரில் பத்து மாடி, பதினைந்து மாடிக் கட்டடங்களுக்கு வெளியே கயிற்றில் தொங்கிக்கொண்டு கண்ணாடி மாட்டுவது. இது எப்படியப்பா ஒத்துப்போகிறது என்று கேட்டால், பயப்படுகிறவன் மாட்டினால்தான் கண்ணாடி நிற்கும் என்பான். அதில் நியாயம் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் அவன் மாட்டிய கண்ணாடி எதுவும் கீழே விழுந்ததாகத் தகவல் இல்லை.

நானும் அவனும் ஒன்றாகப் படித்தவர்கள். விடிவதற்கு முன்பே ஒரே ரயிலில் ஏறி, பங்காருபேட்டை வழியாகப் பெங்களூர் போய்த் திரும்புகிறவர்கள். எனக்கு அங்கே ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. ரயிலில் ஏனோக் ஜன்னலோரம் உட்கார மாட்டான். யாராவது கல் எறிந்தால் கண் போய்விடுமாம். அதனால் இருபது வருஷமாக எனக்கு ஜன்னலோர சீட் தவறாமல் கிடைத்துக்கொண்டிருக்கிறது. அவனுடைய பயத்தால் லாபம் அடைந்தவன் என்று என்னைத்தான் சொல்ல வேண்டும்.

அவனைக் கிண்டல் செய்யலாம், ஆனால் அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எங்கள் தங்கச் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். நாங்கள் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு மத்தியானம் தரை தூக்கிப் போட்டது. சுரங்கத்துக்குள் ஆழத்தில் பாறை வெடித்துச் சரிந்தால் மேலே இருக்கிற வீடெல்லாம் குலுங்கும். ராக் பர்ஸ்ட் என்போம். பாத்திரம் உருளும், பெண்கள் தெருவுக்கு ஓடி வந்து சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்ட் இருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அன்றைக்கு ஏனோக்கின் வீட்டு அடுப்படிச் சுவர் மேலிருந்து கீழ்வரை பிளந்தது. கீழே போன ஷிஃப்டில் அவன் அப்பாவை மட்டும் உயிரோடு மேலே கொண்டுவர முடியவில்லை. சுவரில் விரிசலைப் பார்த்த அதே நாளில் அப்பாவின் சாவைப் பார்த்தவன், பிறகு எந்த விரிசலையும் சும்மா பார்ப்பதில்லை.

அவன் வீட்டுக்குப் போனால் தெரியும். எங்கே கீறல் கண்டாலும் அதன் குறுக்கே விரல் நீளக் கண்ணாடித் துண்டு ஒன்றை சிமென்ட் வைத்து ஒட்டியிருப்பான். சுவர் கொஞ்சம் நகர்ந்தாலும் கண்ணாடி பட்டென்று உடைந்து காட்டிக்கொடுக்கும். சுவருக்கெல்லாம் பிளாஸ்திரி போட்டிருக்கிறார் என்று அவன் மனைவி ஐடா வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். சுரங்கம் மூடி எத்தனையோ வருஷம் ஆயிற்று. உள்ளே தண்ணீர் நிரம்பிக் கிடக்கிறது. இப்போதும் எப்போதாவது தரை லேசாக உதறும். நாங்கள் லாரி போகிறது என்று நினைத்துத் திரும்பிப் படுத்துக்கொள்வோம். அவன் எழுந்து டார்ச் அடித்து ஒவ்வொரு கண்ணாடித் துண்டாகப் பார்ப்பான்.

இப்படிப்பட்டவனிடம்தான் எங்கள் சர்ச் கமிட்டி அந்த ஜன்னலை ஒப்படைத்தது.

ஒரு காலத்தில் எங்கள் சபையில் இருந்து ஆஸ்திரேலியாவில் குடியேறிவிட்ட குடும்பம் ஒன்று, தங்கள் தாயார் நினைவாகத் தெற்குப் பக்கச் சுவருக்கு ஒரு வண்ணக் கண்ணாடி ஜன்னல் செய்து தர விரும்பியது. சாதாரண ஜன்னல் இல்லை, நிழல் கடிகாரம் உள்ள ஜன்னல். பெங்களூரில் கண்ணாடிப் பட்டறை வைத்திருக்கும் லதா மேடம் அதை வரைந்து செய்தார்கள். மேலே நடுவில் மஞ்சள் சூரியன். அதிலிருந்து கீழ்நோக்கி விசிறிபோல் மணிக்கோடுகள். பன்னிரண்டிலிருந்து மூன்று வரைக்கும் உள்ள கண்ணாடிகள் மட்டும் கருநீலம். ஆண்டவர் சிலுவையில் தொங்கியபோது பூமி இருண்டிருந்த நேரம் அது. நிழல் வெளிப்பக்கம் விழும், நாங்கள் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்தபடி கண்ணாடி வழியாகப் பார்ப்போம். அதற்காக வெளிப்பக்கத்தைச் சொரசொரப்பாக்கிப் பால்போல் மங்க வைத்திருந்தார்கள்.

நிழல் விழ ஒரு கம்பி வேண்டும். அதைச் செய்வதும் மாட்டுவதும் ஏனோக்கின் பொறுப்பு. புத்தகத்தில் வருகிற வெளிநாட்டுப் படங்களில் அந்தக் கம்பி சுவரிலிருந்து நன்றாகக் கீழே சாய்ந்து தொங்கும். நம் ஊருக்கு அப்படி இல்லை, சுவரிலிருந்து கிட்டத்தட்ட நேராக வெளியே நீட்டிக்கொண்டு பதின்மூன்று டிகிரி மட்டும் கீழே இறங்க வேண்டும் என்று லதா மேடம் சொன்னார்கள். அதில்தான் ஏனோக்குக்குத் தூக்கம் போயிற்று. வண்ணக் கண்ணாடியைக் கோத்துப் பிடித்திருப்பது ஈயப் பட்டை. அது கையால் வளைக்கிற சமாச்சாரம். நேராக நீட்டிய கம்பியின் பாரம் அதன்மேல் இறங்கினால் ஜன்னல் தொப்பை போட்டுவிடும். ஆகவே பாரம் கண்ணாடியைத் தொடவே கூடாது.

ஜன்னலுக்கு வெளியே இரண்டு பக்கச் சுவரையும் பிடித்துக்கொள்கிற மாதிரி ஒரு குறுக்குச் சட்டம், அந்தச் சட்டத்தின் நடுவில் கம்பிக்கு ஒரு தாங்கி, கம்பியின் அடி கண்ணாடிச் சூரியன் முகத்துக்கு நேரே வந்து நிற்கும், ஆனால் அதன்மேல் படாது. இடையில் நூல் அளவு இடைவெளி. முதலில் மூங்கில் குச்சியிலும் அட்டையிலும் செய்து பார்த்தான். பிறகு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்தான். குரங்கு வந்து தொங்கினால் என்ன ஆகும் என்று ஒரு வாரம் யோசித்து, தாங்கியை மறுபடியும் கனமாகச் செய்தான். நான் போய்ப் பார்த்தபோது அந்தக் கம்பியில் ஒரு மூட்டை அரிசியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தான். எங்கள் ஊர்க் குரங்கு அவ்வளவு தின்னாது என்று சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

சட்டத்தை மாட்ட சுவரில் நான்கு துளை போட வேண்டியிருந்தது. வெள்ளைக்காரன் காலத்துச் செங்கல், சுண்ணாம்புக் காரை. டிரில்லிங் மெஷின் ஓடும்போது கமிட்டி செக்ரட்டரி மாணிக்கராஜ் ஏணியின் அடியில் நின்றுகொண்டு, "பாத்துடா, நூறு வருசத்துச் செவுரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவருக்கு அது வாய்ப்பேச்சு. ஏனோக்கின் மனசில் அது ஆணியாக இறங்கிவிட்டது.

கல்லறைத் திருநாள் முடிந்த முதல் ஞாயிறு. ஆராதனை நடுவில் போதகர் எல்லோரையும் தெற்குப் பக்கம் பார்க்கச் சொன்னார். நிழல் பத்து மணிக் கோட்டின்மேல் படுத்திருந்தது. எல்லோரும் செல்போனை எடுத்துப் பார்த்தார்கள். பத்து. சபையே கைதட்டியது. ஏனோக் எழுந்து நின்று கும்பிட்டான். அவன் முகத்தில் பயம் இல்லாமல் நான் பார்த்தது அன்றைக்கு ஒரு நாள்தான்.

நவம்பர் கடைசியில் நிழல் பின்தங்க ஆரம்பித்தது. கிறிஸ்துமஸ் வரும்போது கடிகாரத்துக்கும் அதற்கும் கால் மணிக்கு மேல் வித்தியாசம். சபையில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெயில்தானே, முன்னே பின்னே இருக்கும் என்றார்கள். பிரசங்கத்தை நீட்ட போதகருக்கு வசதியாயிற்று என்று நான்கூடச் சொன்னேன். ஏனோக் மட்டும் ஏணியைப் போட்டு ஏறினான். மாட்டிய அன்றே தாங்கியின்மேலும் சட்டத்தின்மேலும் சேர்த்து அரத்தால் ஒரு கோடு கீறி வைத்திருந்தான். எது நகர்ந்தாலும் கோடு விலகிக் காட்டும். கோடு விலகவில்லை. போல்ட் இறுக்கமாக இருந்தது. கம்பி பதின்மூன்று டிகிரியிலேயே நின்றது.

ஏணியில் நின்றபடியே அவன் ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். கம்பி நகரவில்லை. நிழல் நகர்ந்துவிட்டது. அப்படியென்றால் நகர்வது சுவர்.

வேறு ஊர்க்காரன் யாரும் இப்படி நினைத்திருக்க மாட்டான். கணக்குத் தப்பு என்பான், கம்பி தப்பு என்பான், சூரியன் தப்பு என்றுகூடச் சொல்வான். பூமிக்கடியில் வெட்டி எடுத்துக் காலியாக்கிய ஊரில் பிறந்தவனுக்குத்தான் முதல் சந்தேகம் தரையின்மேல் வரும். போதாக்குறைக்கு அந்த டிசம்பரில் ஒரு தரம் தரை உதறியது. அவன் தூக்குக்குண்டு கட்டிப் பார்த்தான், சுவர் செங்குத்தாக இருந்தது. கீறல் ஒன்றில் கண்ணாடி ஒட்டினான், உடையவில்லை. இரண்டும் நல்ல சேதிதான். ஆனால் பயம் பிடித்தவனுக்கு எது நல்ல சேதி? விரிசலே விடாமல் சுவர் மொத்தமாக நகர்கிறது, அதனால்தான் எதிலும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டான். அதற்குக் காரணம் தான் போட்ட நான்கு துளைகள் என்றும் நம்பினான்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சர்ச்சுக்குப் பூட்டுப் போட்டுவிடுவார்கள், சுரங்கக் கம்பெனி நிலத்தில் நிற்கிற கட்டடம், ஆபத்து என்று ஒரு தரம் பேர் வந்தால் பிறகு திறக்கவே மாட்டார்கள் என்று பயந்தான். துளை போட்டது யார் என்று கேட்பார்கள் என்று அதைவிட அதிகமாகப் பயந்தான். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும்.

அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. ஏனோக் குடும்பம் தெற்கு ஜன்னலடிப் பெஞ்சை விட்டு வடக்குப் பக்கம் போய்விட்டது. அந்தப் பெஞ்சு அவன் அப்பா காலத்திலிருந்து அவர்களுடையது. கண் கூசி தலை வலிக்கிறது என்றான். ஐடாவும் மகள் ஈவ்லினும் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். காலியான பெஞ்சில் நானும் என் மனைவி பியூலாவும் எங்கள் இரண்டு பெண் குழந்தைகளும் உட்கார்ந்தோம். சர்ச்சிலேயே நல்ல இடம் அது. மடியில் சிவப்பும் நீலமுமாக வெளிச்சம் விழும். சின்னவள் உள்ளங்கையில் அதைப் பிடித்துக்கொண்டு சத்தம் போடாமல் இருப்பாள்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு வாசலில் செருப்புப் போடும்போது ஏனோக் என் பக்கத்தில் வந்தான். குழந்தைகளுக்கு வெயில் படுகிறது, வடக்குப் பக்கம் வந்துவிடுங்களேன் என்றான். ஜன்னலோர சீட்டை நான் எப்போது விட்டிருக்கிறேன் என்று கேட்டேன். அவன் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சரி என்று போய்விட்டான்.

பிப்ரவரியில் வித்தியாசம் அரை மணியைத் தொட்டது. அவன் இளைத்துவிட்டான். ரயிலில் பேசுவதில்லை. ஆராதனையில் அவன் பிரசங்கம் கேட்கவில்லை, எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏதோ கடன் தொல்லை போலிருக்கிறது என்று பியூலா பரிதாபப்பட்டாள். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி செய்தால் அவன் வீட்டுக்கு ஒரு தூக்கு போகும்.

மார்ச் மாதத்தில் நிழல் திரும்பி முன்னே வர ஆரம்பித்தது. நாமாக இருந்தால் அப்பாடா என்றிருப்போம். அவனுக்கு உயிரே போய்விட்டது. வெளியே போன சுவர் உள்ளே வருகிறது, ஆடுகிற பல் விழப்போகிறது என்று நினைத்தான். எதிரே பெரிய வெள்ளி வந்துகொண்டிருந்தது. மத்தியானம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை மும்மணி ஆராதனை. வருஷத்தில் அன்றைக்குத்தான் சர்ச் கொள்ளாமல் கூட்டம் வரும். வெளியூர் போனவர்களும் வருவார்கள், பெஞ்சு கிடைக்காதவர்கள் தெற்குச் சுவரில் சாய்ந்துகொண்டு நிற்பார்கள்.

அதற்கு முந்தின புதன்கிழமை, ரயில் பங்காருபேட்டை தாண்டியதும் அவன் செல்போனை எடுத்து லதா மேடத்தைக் கூப்பிட்டான். ரயில் இரைச்சலில் கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டான். நான் எதிர் சீட்டில் இருக்கிறேன் என்பதே அவனுக்கு நினைவில் இருந்ததாகத் தெரியவில்லை. மேடம், செவுரு நகருது, வெள்ளிக்கிழமை ஜனங்க வருவாங்க, நான் இன்னா பண்ணட்டும் என்றான். என்ன, ஏது என்று அவர்கள் ஒவ்வொன்றாகக் கேட்க, கிறிஸ்துமஸிலிருந்து நடந்த எல்லாவற்றையும் கொட்டினான். எனக்கு அப்போதுதான் எல்லாம் தெரிந்தது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர்கள் மெதுவாகச் சொன்னார்கள்.

"ஏனோக், சுவர் நல்லா இருக்கு. சூரியன் வருஷம் முழுக்கக் கடிகாரம் மாதிரி சீரா போகாது. நவம்பர்ல முந்தி ஓடும், பிப்ரவரியில பின்தங்கும். அதுவும் இல்லாம நம்ம கடிகாரம் இந்தியா பூராவுக்கும் ஒண்ணு, உங்க ஊர் வெயில் அதுக்குக் கால் மணி பின்னாடி. நீங்க மாட்டின வாரம் ரெண்டும் ஒண்ணை ஒண்ணு சரிக்கட்டிடுச்சு. அவ்வளவுதான்."

நிழல் அவ்வளவு தூரம் விலகுகிற அளவுக்குச் சுவர் திரும்பியிருந்தால் மூலையில் ஆட்டோ நுழைகிற சந்து விழுந்திருக்கும் என்றும் சொன்னார்கள். எந்த மாதத்தில் எவ்வளவு கூட்ட வேண்டும் என்று காட்டத்தான் ஜன்னல் ஓரத்தில் வளைந்து வளைந்து போகிற ஒரு கோடு வரைந்திருந்தார்களாம். பார்க்கப் பாம்பு மாதிரி இருக்கிறது, பாம்பு ஏதேன் தோட்டத்தோடு போகட்டும், சர்ச்சுக்குள் வேண்டாம் என்று மாணிக்கராஜ் எடுக்கச் சொல்லிவிட்டாராம்.

ஏனோக் செல்போனை மடியில் வைத்துக்கொண்டு அழுதான். சிரித்துக்கொண்டே அழுதான். "செவுரு நல்லா கீதுடா" என்று என் முழங்காலைப் பிடித்து ஆட்டினான். நானும் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர்களும் என்னவென்று தெரியாமலே சிரித்தார்கள்.

மாலூர் வரும்போதுதான் என் சிரிப்பு நின்றது. நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கிறிஸ்துமஸ். புது வருஷம். ஜனவரி, பிப்ரவரி, மார்ச். ஒவ்வொரு ஞாயிறும்.

"செவுரு உழும்னு நெனச்சப்புறம்தான் ஐடாவ அந்தப் பக்கம் இட்டுனு போன?" என்று கேட்டேன்.

அவன் என் முழங்காலிலிருந்து கையை எடுத்தான்.

"அந்த பெஞ்சில என் புள்ளைங்க உக்காந்துனு இருந்துச்சிங்களே."

"நான் கூப்ட்டேனே."

"வெயிலுன்னு கூப்ட்ட."

அவன் சர்ச்சைப் பூட்டிவிடுவார்கள் என்று பயந்ததையும் துளை போட்டதையும் திரும்ப ஆரம்பத்திலிருந்து சொன்னான். அதெல்லாம் சரி, அப்படியென்றால் உன் வீட்டாரையும் அங்கேயே விட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் எங்களையும் எழுப்பியிருக்க வேண்டும் என்றேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஐடா என் பொண்டாட்டிடா" என்றான்.

அதைவிட உண்மையாக அவன் எதையும் சொல்லியிருக்க முடியாது. என்னால் அதைத் தாங்கவும் முடியவில்லை. வொய்ட்ஃபீல்டில் கூட்டம் இறங்கியபோது நான் எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விட்டேன். மறுநாள் வேறு ரயிலில் போனேன். பியூலாவிடம் சொல்லவில்லை. அவள் அவனை அண்ணா என்று கூப்பிடுகிறவள்.

பெரிய வெள்ளியன்று நாங்கள் போகும்போது ஏனோக் வாசற்படியில் நின்றிருந்தான். வெள்ளைச் சட்டை. பக்கத்தில் ஐடாவும் ஈவ்லினும். என்னைத் தாண்டி நேராகப் பியூலாவிடம் போனான். சுவர் விழும் என்று நம்பியதையும், தன் குடும்பத்தை மாற்றிக்கொண்டதையும், எங்களை அங்கே உட்கார விட்டதையும் ஒன்றுவிடாமல் அவளிடம் சொன்னான். ஐடாவுக்கும் அது புதுச் செய்தி என்று அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பியூலா சின்னவளை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சாதாரணமாகத்தான் பேசினாள்.

"செவுரு உழுந்திருந்தா மொதல்ல ஓடியாந்து கல்லத் தூக்குறது நீதாண்ணா. கை கிழிஞ்சாலும் வுட்டிருக்க மாட்ட. அது எனக்குத் தெரியும். அதுக்கு முன்னாடி ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

அவள் உள்ளே போய்த் தெற்கு ஜன்னலடிப் பெஞ்சில், எப்போதும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தாள். நானும் போய் உட்கார்ந்தேன்.

கூட்டம் நெருக்கியது. ஏனோக் கடைசியாக உள்ளே வந்தான். ஐடா பக்கத்தில் இடம் இருந்தும் அங்கே போகவில்லை. தெற்குச் சுவரோடு வந்து, எங்கள் பெஞ்சுக்குப் பக்கத்தில், ஜன்னலுக்குக் கீழே முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றான். ஆண்டவர் சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் முதல் வார்த்தை, இரண்டாம் வார்த்தை என்று தியானம் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் எல்லோரும் எழுந்தோம், உட்கார்ந்தோம். அவன் நின்றுகொண்டே இருந்தான். ஐந்தாம் வார்த்தையின்போது அவன் கால் மாற்றி மாற்றி நிற்பதைப் பார்த்தேன். உயரத்தில் தொங்கித் தொங்கி முழங்கால் கெட்டவன் அவன்.

பெரியவள் தோழிகளோடு முன் வரிசைக்குப் போயிருந்தாள். என் பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் இடம் இருந்தது. அந்த இடத்தில் என் பைபிள் இருந்தது. பியூலா ஒரு தரம் அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். ஆராதனை முடிகிறவரை நான் அதை எடுக்கவில்லை.